தலைமுறைப் பாலம்

"இளமையில் உங்களுக்குக் கிடைத்த மிகப்பெரிய ஆசீர்வாதம் எது?" என்று அட்டையைப் பார்த்து வாசித்தாள் அந்தப் பெண்.

"பல்லு" என்றார் டைப்பிஸ்டம்மா.

சிரிப்பை அடக்கத் தெரியாத பெண். நாற்காலியே ஆடியது. இருபத்தேழு வயது, லிஃப்ட் மெக்கானிக், நகக்கண் முழுக்கக் கிரீஸ். ஏழு மாதத்துக்கு முன் புருஷனை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தவள் என்பது சபைக்கே தெரியும். அட்டையில் இன்னும் ஒன்பது கேள்வி இருந்தது. சபைச் செயலாளரே யோசித்து எழுதியது. 'தலைமுறைப் பாலம்' என்று திட்டத்துக்குப் பேர் வைத்து, முதியவர் பேரை ஒரு டப்பாவிலும் இளையவர் பேரை இன்னொன்றிலும் போட்டு, பிரார்த்தனை முடிந்ததும் மேடையிலேயே குலுக்கி எடுத்தார். சனிக்கிழமைதோறும் இளையவர் முதியவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் கைதட்டல் வேறு. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் பிறர் சொன்ன பொய்யைத் தப்பில்லாமல் தட்டச்சு செய்தவர் டைப்பிஸ்டம்மா. அந்தக் கைதட்டலைக் கேட்டதும் அவருக்குக் காது கூசியது.

இரண்டாம் கேள்விக்கு அந்தப் பெண் போகவில்லை. தண்ணீர் கேட்டாள். எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள், வாய் பிளந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல். என்ன வளர்ப்பு இது என்று டைப்பிஸ்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுப்பத்தான் போனார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்துவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

இரண்டரை மணி நேரம் கழித்து எழுந்தவள், "சாரி ஆன்ட்டி. எங்க வீட்டுல கண்ண மூடுனாப் போதும், யாராவது ஒருத்தர் புத்தி சொல்ல வந்துடுறாங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். வந்ததும் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைப்பாள். அந்த அளவுக்கு மரியாதை வந்திருந்தது. தூங்குவாள், எழுவாள், காபி குடிப்பாள். சபையாரின் நடை, குரல், பக்தி எல்லாவற்றையும் இருவரும் கொஞ்ச நேரம் கிழிப்பார்கள். டைப்பிஸ்டம்மாவுக்கு வெள்ளிக்கிழமையே அவள் காபிக்குப் பால் வாங்கும் நினைவு வர ஆரம்பித்தது.

நான்காம் வாரம் பிரார்த்தனை முடிந்து செருப்புப் போடும்போது செயலாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் அருகில் வந்தாலே சென்ட் வாசனையும் பணிவும் சேர்ந்து வரும்.

"என்னம்மா சொல்றா பொண்ணு? புருஷன்கிட்ட திரும்பிப் போற மாதிரி தெரியுதா?"

"அது எனக்கெதுக்கு? சீட்டுக் குலுக்கித்தான குடுத்தீங்க?"

"அதெல்லாம் ஒரு இதுக்கும்மா. உங்க பேச்சுக்கு ஒரு கனம் இருக்கு. அன்னிக்கு, அதோ போறாளே, அந்தப் பொண்ண நீங்கதான திருப்பி அனுப்பி வச்சீங்க?"

அவர் கண் காட்டிய திசையில் வேறொருத்தி போய்க்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷத்துக்கு முன் டைப்பிஸ்டம்மா வீடு தேடிப் போய், கையைப் பிடித்து, பொறுத்துப் போம்மா என்று சொல்லி அனுப்பிவைத்தவள். போனாள், பொறுத்தாள். இப்போது இடது காது கேட்காது. ஏன் என்று சபையில் யாரும் கேட்டதில்லை, டைப்பிஸ்டம்மாவும் கேட்டதில்லை. செயலாளர் மேல் வந்த அருவருப்பில் பாதி தன் பங்கு என்று அவருக்குத் தெரிந்தது. வீடு வரை அந்த சென்ட் வாசனை கூடவே வந்தது.

சனிக்கிழமை அந்தப் பெண் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"இங்க பாரு. உன்ன நைசாப் பேசித் திருப்பி அனுப்பத்தான் என்னை உன்கூட சேத்து விட்டிருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியும். இனிமே வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தவில்லை.

"என்கிட்டயும் ஒரு வேலை குடுத்திருக்கார் ஆன்ட்டி. இந்த வீட்ட யார் பேருக்கு எழுதப் போறீங்கன்னு கேட்டுச் சொல்லணுமாம். சபைக்கு எழுதுற எண்ணம் இருக்கான்னு."

டைப்பிஸ்டம்மா கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்ததோ சிரிப்பு.

"நீ என்ன சொன்ன?"

"என்னத்த சொல்றது? வந்தா தூங்கிடுறேன்ல." கொஞ்சம் தயங்கினாள். "முதல் வாரம் கேக்கணும்னுதான் வந்தேன். பொய் சொல்ல மாட்டேன்."

"சரி, படு."

அவள் தூங்கி அரை மணி ஆகியிருக்கும். அழைப்பு மணி அடித்தது. டைப்பிஸ்டம்மா சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரற்கடை திறந்தார். செயலாளர், கழுத்தில் கேமராவோடு.

"சபைப் பத்திரிகைக்கு ஒரு போட்டோ எடுக்கணும்மா. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருக்குற மாதிரி."

"பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நடுவுல வராதீங்க."

உள்ளேயிருந்து நல்ல குறட்டை கேட்டது. அவர் கழுத்தை நீட்டிப் பார்ப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

போவார் என்று நினைத்தார். காலடிச் சத்தம் வாசலை விட்டு நகரவில்லை. டைப்பிஸ்டம்மா கதவுக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். பெரிய மூக்கும் குச்சிக் காலுமாகத் தெரிந்தார் செயலாளர். வாசல் வராந்தாவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, உதடு அசைய, ஒவ்வோர் அடியாக எண்ணி அளந்து நடந்துகொண்டிருந்தார். கடைசியில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சுவரை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தட்டு.

உள்ளே அந்தப் பெண் புரண்டு படுத்தாள்.