ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

பேசினால் தீராத துயரம் இந்த உலகில் கிடையாது. கேட்க ஒரு காது வாய்த்துவிட்டால் மனிதன் எதையும் கடந்துவிடுவான். தரமணி ஆபீஸில் மாதம் ஒருமுறை மைக் பிடித்து இதைச் சொல்பவன் அச்யுத். இப்போது அவன் மந்தைவெளி ஃபிளாட்டில் நாலு காலில் தவழ்ந்தபடி, அண்ணா படுத்திருந்த ஐஸ் பெட்டிக்கு ப்ளக் பாயிண்ட் தேடிக்கொண்டிருந்தான்.

"சோபாவுக்குப் பின்னாடி, சித்தப்பா" என்றாள் ஷ்ரேயா. அண்ணா ஸ்ரீனிவாசராகவனின் ஒரே பெண்; சற்றுமுன்தான் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அம்மாவைக் கொரோனா இரண்டாம் அலை கொண்டுபோயிற்று. அப்பா இன்று காலை, மடியில் பேப்பரோடு, நெஞ்சு நின்று போயிருந்தார்.

அடையாறு பாலத்தைத் தாண்டினால் அண்ணா வீடு. அச்யுத் தாண்டி ஏழு மாதமாயிற்று. அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. 'மனம் திறப்போம்' அவன் ஆரம்பித்த குழு அல்லவா! மன்னியின் பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் உறவினர் நாற்பத்தேழு பேரைச் சேர்த்தான். தினம் காலை ஏழு மணிக்கு மூச்சுப் பயிற்சி, நன்றியுணர்வு பற்றி ஒரு பத்தி. ஏழு இரண்டுக்கெல்லாம் அண்ணா படித்துவிட்டதாக நீல டிக் காட்டும். தேறிவிட்டார் என்று அச்யுத் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போவான்.

ஜானு அக்கா மூக்கைச் சிந்தினாள். "நீ எவ்வளவு பண்ணினே, அச்யுத்! நான் அசடு, படிக்கறதோட சரி. பேங்க் மேனேஜரா இருந்தவன், மனசுல இருக்கறதை ஒரு வார்த்தை அதுல சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"ஆம்பளைகளே அப்படித்தான்க்கா. திறக்கப் பயம்" என்றான் அச்யுத், மேடைக் குரலில். காலையில் மரணச் செய்தியையும் குழுவில்தான் போட்டிருந்தான். அதற்கும் ஒருவர்கூட ஒரு வார்த்தை அனுதாபம் சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரர்கள்.

ஷ்ரேயா வயரைச் சொருகினாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

"அப்பா ட்ரை பண்ணினார், சித்தப்பா. 'அதுல டைப் பண்ற எடமே வரமாட்டேங்கறதுடீ, ஃபோன் பழசாயிடுத்து'ன்னு சொல்லிண்டே இருப்பார். உங்களைக் கேக்கச் சொன்னேன்."

"என்னண்டை கேக்கவேயில்லையே!"

"'ஊருக்கே கவுன்சிலிங் பண்ணிண்டிருக்கான் பாவம், இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணுவாளா'ன்னார். போன மாசம் புது ஃபோனே வாங்கிட்டார். அதுலயும் வரலையாம்."

அலமாரியில் அந்த ஃபோன், திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாமல் இருந்தது.

அச்யுத் பால்கனிக்குப் போனான். கீழே ஆட்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழுவைத் திறந்து, அதன் செட்டிங்ஸுக்குள் போனான். ஆரம்பித்த முதல் வாரம் மாமனார் விடாமல் ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு மட்டும் என்று எதையோ மாற்றி வைத்திருந்தான்.

"என்னடா பண்றே அங்கே?" என்று அக்கா கூப்பிட்டாள்.

'அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம்' என்றிருந்தது. நாலு வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. அட்மின் அவன் ஒருவன்தான்.