செங்குருகுக்கு நேரே திகதி இல்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, மெல்ரோய் சொன்னது. கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரன். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்க் காலையில் பறவை, மத்தியானம் கோயில், பின்னேரம் கடல் என்று காட்டுவது அவன் தொழில். "நீங்க எழுதுற ஆள்தானே, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றான். நானும் பெரிய ஆள் மாதிரி "ஓம்" என்றுவிட்டேன். மூன்று கிழமையாக அந்த வாயை நொந்துகொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சதுப்பின்மீது பொன்னிற விடியல் மெல்ல மெல்ல—'

சீ! அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில், தன் வீட்டு ஒழுங்கை முகப்பில், மாக்ரெட் அன்ரி புதுச் சப்பாத்தோடு நின்றார். கையில் போன வருசம் செத்துப்போன புருசனுடைய பறவைக் கொப்பி. அவர், கொன்ஸ்ரன்ரைன், ஏழு வருசம் ஞாயிறு தவறாமல் மெல்ரோயோடு பறவை பார்க்கப் போனவர். கொப்பியில் பறவைகளின் பெயர்கள் அச்சடித்திருக்கும். முதன்முதல் கண்ட திகதியை நேரே எழுதுவார். அந்தச் சதுப்புப் பக்கத்தில் எல்லாப் பெயருக்கும் திகதி இருந்தது. செங்குருகுக்கு மட்டும் இல்லை.

"இது ஒண்டுதான் அவருக்குக் கிடைக்கேல்லை, மகன். நான் கண்டிட்டு அவற்ற பேரில திகதியப் போட்டுவிடவேணும். அடுத்த மாசம் கோயில்ல அவருக்கு வருசப் பூசை."

மெல்ரோய் அவர் முகத்தைப் பாராமல் வாகனக் கதவைத் திறந்துவிட்டான். ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து விளையாட எனக்கு மனமில்லை.

3

கொன்ஸ்ரன்ரைன் செங்குருகைக் கண்டிருக்கிறார். ஒருதரமல்ல, முப்பது தரமாவது. இரத்மலானைப் பக்கத்துச் சதுப்பில், முதல் வருசமே கண்டார். மெல்ரோய் பேனையை நீட்டினான்.

"வேண்டாம் மகன். இது மாக்ரெட்டுக்கு வைச்சிருக்கிறன். அவ ஒருநாளைக்கு வருவா. ரெண்டு பேருமாக் கண்டிட்டுப் போடுவம்."

கிழமைக்குக் கிழமை மனைவியைக் கூப்பிட்டார். ஒரே பதில்தான்: "ஞாயிறு பூசைய விட்டிட்டுக் குருவி பார்க்கப் போற பாவத்துக்கு என்னையும் கூப்பிடாதீங்கோ."*

* இந்த இடத்தில் மாக்ரெட்டைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக்கிப் பார்த்தேன். கதை சுலபமாக நடந்தது. பிறகு வெட்டிவிட்டேன். ஏழு வருசமும் அந்த மனுசி பூசையில் தனியே இருந்து புருசனுக்காகத்தான் மன்றாடியிருக்கிறார்.

4

அன்றைக்குச் செங்குருகு கண்ணில் படக்கூடாது என்று வழிநெடுக மாதாவிடம் கேட்டுக்கொண்டே மெல்ரோய் வாகனம் ஓட்டினான். சதுப்பில் இறங்கிப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை. கோரைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு வெளியே வந்து, வாய்க்கால் கரையில் வடிவாக நின்றது, சனியன்.

மாக்ரெட் பைனாகுலரை இறக்கவேயில்லை. "எவ்வளவு வடிவு" என்றார். பிறகு, "பாவம் மனுசன், இதைக் காணாமலே போயிட்டார்" என்று அழுதார்.

மெல்ரோய் சப்பாத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுகிற மாதிரியே முழு நாளும் காட்டச் சொல்லியிருந்தார். களனி விகாரை, ஆறு, காலிமுகத்திடல் எல்லாம் போனார்கள். [இங்கே கொழும்பைப் பற்றி நீண்ட பந்தி ஒன்று இருந்தது. மெல்ரோய்க்கு அன்றைக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. எடுத்துவிட்டேன்.]

5

நாள் முடிவில் வழிகாட்டி பட்டியலை வாசிப்பான். வந்தவர் கண்டதற்கு "ஓம்" சொல்வார். தொழில் வழக்கம். ஒழுங்கை முகப்பில் வாகனத்தை நிறுத்திவிட்டு மெல்ரோய் வாசித்தான்.

"செந்நாரை."

"ஓம்."

"நீலத் தாழைக்கோழி."

"ஓம்."

"செங்குருகு."

ஓம் வரவில்லை. மாக்ரெட் கொப்பியைப் பார்த்தபடி இருந்தார்.

"மெல்ரோய், கண்ணாடி போட்டும் கண் தெரியாத எனக்குப் பத்து நிமிசத்தில கிடைச்சது. ஏழு வருசம் போன மனுசனுக்குக் கிடைக்கேல்லையோ?"

அவன் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நீ கூடப் போனனிதானே. சொல்லு மகன்."

6

முதல் முடிவு: "அது அதிர்ஷ்டம் அன்ரி" என்கிறான். அவர் நம்பி இறங்கிப் போகிறார். கொன்ஸ்ரன்ரைன் ஆசைப்பட்டதைக் காணாமல் செத்தவராகிறார்.

இரண்டாவது: உள்ளதைச் சொல்கிறான். கொன்ஸ்ரன்ரைன் ஏழு வருசம் காத்திருந்தவராகிறார். மாக்ரெட் வராமல் இருந்தவராகிறார். மிச்சக் காலத்தை அந்த மனுசி எப்படிக் கழிப்பார்?

மூன்றாவது: 'அன்ரி, அங்கிள் உங்களுக்காக—' இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: "பிறகு சொல்லுறன் அன்ரி" என்று அவரை இறக்கிவிட்டு மெல்ரோய் ஓடிவந்துவிட்டான். அதன்பிறகு மாக்ரெட் அவனுக்குக் கோல் எடுத்துக்கொண்டே இருக்கிறார். அவன் தூக்குவதில்லை.

நாளைக்கு வருசப் பூசை. மெல்ரோய் என் வீட்டில், எனக்கு முன்னால் இருக்கிறான். மேசையில் அவனுடைய போன் அடிக்கிறது. அன்ரியின் பேர்தான். அவன் என்னைப் பார்க்கிறான். முடிவு சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தானே. எனக்குத் தைரியமில்லை ஐயா. வாசிக்கிற நீங்கள் எடுங்கள். எடுத்து ஏதாவது சொல்லுங்கள்.