மெராந்திக்குள் ஒரு க

செமினி மலைச்சரிவிலிருந்து வந்த மெராந்திக் கட்டையை மரமறுக்கும் வாள் பிளந்து போட்டபோது, உள்ளே ஓர் எழுத்து இருந்தது. 'க'.

ஸ்டானிஸ்லாஸ் அளவு நோட்டை மூடினான். காட்டிலாகாவில் அவன் அளவுக் குமாஸ்தா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மரவாடிக்கு வரும் கட்டைகளில் மரம் வளர்ந்த வரிகளை அளப்பது அவன் வேலை. செமினிக் காட்டைப் பெரிய காற்று எப்போதெல்லாம் சாய்த்தது என்று இலாகாவின் வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிய வேண்டுமாம். பக்கத்து மரங்கள் விழுந்தால், தப்பி நின்ற மரத்துக்கு வெயில் தாராளமாகக் கிடைக்கும். அதுவரை நெருக்கியடித்துக் கிடந்த வரிகள் திடீரென்று அகலமாகும். அந்த அகலம் எங்கே தொடங்குகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதுவான். ஒவ்வொரு கட்டையையும் மூன்று முறை எண்ணுவான். மூன்றும் ஒத்துவந்தாலும், தன் கண்ணை நம்பாமல் நான்காம் முறை எண்ணுவான்.

இந்த 'க'வை மட்டும் அவன் இரண்டாம் முறை பார்க்கவில்லை. அது அப்பாவின் எழுத்து.

அப்பா கஸ்பார் கையில் கத்தி கிடைத்தால் சும்மா இருக்க மாட்டார். வீட்டுப் பெட்டி மூடியில் ஒரு 'க', கதவு நிலையில் ஒரு 'க', அகப்பைக் காம்பில்கூட ஒன்று. மரவெட்டிக் கூட்டத்தோடு செமினிக்குப் போனவர், 1917இல் பெருங்காற்று அடித்த அன்று காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. மகனுக்கு அப்போது ஐந்து வயது. பதினேழு ஆண்டுகளாக அம்மா வெரோனிகா தாலியைக் கழற்றவில்லை. நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு, இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். சாமியார் பூசையில் வாசிப்பார். அம்மா தன் தாய், தகப்பன் பெயரைச் சொல்வாள், அவன் எழுதுவான். அடுத்த பெயருக்காகப் பேனாவைப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருப்பான். "அவ்வளவுதான்" என்பாள்.

வெட்டுப்பட்ட இடத்தை மூடிக்கொண்டு மரம் வளர்ந்திருந்தது. வெட்டுக்கும் பட்டைக்கும் இடையில் முப்பது வரி. ஆண்டுக்கு ஒரு வரி என்பது துரை சொன்ன கணக்கு. அப்படியானால் 1904. அப்பா மலாயாவுக்குக் கப்பலேறி வந்ததே 1909இல்தான். தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று ஒரு வாரம் திரும்பத் திரும்ப எண்ணினான். முப்பதுதான் வந்தது.

"என்ன லாசு, கட்டையைப் பொண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கிற," என்றார் மரவாடி மேஸ்திரி சபாபதி. "வயசை அது சொல்லாது லா. பொய்தான் சொல்லும்."

சிரிப்பதற்காகச் சொன்னது, அவனுக்கு உறைத்தது. வயது தெரிந்த மரம் ஒன்றை எண்ணிப் பார்த்தால் என்ன? ரயில்வே குடியிருப்பில், அவன் முதல் நற்கருணை வாங்கிய ஆண்டில் நட்ட மெராந்தி ஒன்றை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வயது மரம். வரிகள் இருபத்துமூன்று. கோலாலம்பூரில் மழை ஆண்டுக்கு இரண்டு முறை ஓய்கிறது. மரமும் இரண்டு முறை மூச்சு வாங்குகிறது போலும். அப்படியானால் முப்பது வரி, ஏறக்குறைய பதினைந்து, பதினாறு ஆண்டு.

காற்றுக்குப் பிறகு.

வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பில், கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவனை அந்த 'ஏறக்குறைய' உறுத்தியது. ஒரு வரி கூடலாம், இரண்டு குறையலாம். ஆனால் ஆண்டு எதற்கு? காற்று முந்தியா, வெட்டு முந்தியா என்று தெரிந்தால் போதுமே. மறுநாள் அகல வரியைத் தேடினான். அது பட்டையிலிருந்து முப்பத்துநான்காவது வரியில் தொடங்கியது. அதே சரிவில் வெட்டிய மற்ற எட்டுக் கட்டைகளிலும் அந்த இடத்திலேயேதான். வெட்டு அதற்கு வெளியே, பட்டைப் பக்கமாக நான்கு வரி தள்ளி இருந்தது.

காற்று ஓய்ந்தபின் அப்பா அந்தக் காட்டில் உயிரோடு நின்றிருக்கிறார். நின்று, எழுத்து வெட்டியிருக்கிறார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஐந்து மாதம் போயிற்று. வேறு கட்டைகளில் இன்னொரு 'க' கிடைக்குமா என்று தேடினான். ஒன்றில் 'உ' இருந்தது. "நம்ம ஆளு யாரோ பிள்ளையார் சுழி போட்டிருக்கான்," என்றார் சபாபதி. "காட்டுக்குள்ள கடுதாசி எழுத உட்கார்ந்தான் போல." அதையும் மெல்லிய தாளில் படியெடுத்து நோட்டில் வைத்தான்.

திருநாளுக்கு முந்தைய நாள் அம்மா சீட்டை எடுத்து வந்தாள். அவன் பேனாவை எடுக்கவில்லை. படியெடுத்த 'க'வை அவள் முன் வைத்து, வரிகளையும் காற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அப்பா வந்திருக்கலாம்மா. வரல."

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். பெட்டி மூடியின் 'க'மேல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளப் போனவள் போல இருந்தது. பிறகு, "வேற ஏதும் கிடைச்சுதா?" என்றாள்.

"ஒரு பிள்ளையார் சுழி. யாரோ இந்து ஆளு போட்டது."

அதையும் வாங்கி 'க' பக்கத்தில் வைத்தாள். எழுந்து போய், புதுச்சேரியில் அச்சடித்த தன் பழைய செபப்புத்தகத்தைக் கொண்டுவந்து திறந்தாள். முதல் பக்கத்தின் தலையில் 'க'. தாளைத் திருப்பினாள். 'உ'.

"எழுத்தில்லடா, பழைய தமிழ் எண்ணு. ஒன்னு, ரெண்டு," என்றாள். "உங்க இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் ஏது. காத்தடிச்சப்புறம் வந்தவங்க மரத்துக்கு நம்பர் போட்டிருக்காங்க."

வரிகளை நூறு முறை எண்ணியவன், எழுத்தை ஒரு முறையாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? அவன் தலை குனிந்தான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுவியேன்னு."

"நான் அந்தாளைப் பத்திப் பேசினா நீ அழுவியேன்னு நானும் பேசல." அவள் இரண்டு தாள்களையும் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். "உசிரோட இருந்தும் வராத மனுசன் இல்லைன்னாவது ஆச்சு. எழுது லாசு."

தாய் பெயர், தகப்பன் பெயர். மூன்றாவதாக அவன் 'க' என்று எழுதி, அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, மிச்சத்தையும் எழுதினான்.

மறுநாள் காலைப் பூசையில் சாமியார் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். "கஸ்பார்" என்று பெயர் ஒலித்ததும் அம்மா மெல்லத் திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறவரைப் பார்ப்பது போல.

ஸ்டானிஸ்லாஸும் பார்த்தான்.