பாதியில் நின்ற பூட்டு

நாத்தனார் மூன்றாவது முறையாக ஓவன் கதவைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. அவளுடைய நர்சிங் சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே இருந்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அசலைக் காட்டினால்தான் நிரந்தர வேலை. ஆறு வருடம் தற்காலிகமாகவே ஓடிக்கொண்டிருந்தவளுக்கு வந்த ஒரே அழைப்பு அது.

சான்றிதழை யாராவது ஓவனில் வைப்பார்களா? அந்த வீட்டில் வைத்தார்கள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன அடுப்பு அது. மேலே நான்கு பர்னர், கீழே ஓவன். மேலே சமைத்தார்களே தவிர, கீழே எதையும் சுட்டதில்லை. அலமாரியில் எலி, பரணில் ஒழுகல். வீட்டில் இறுக மூடுகிற இரும்புப் பெட்டி இது ஒன்றுதான் என்று மாமியார் கண்டுபிடித்து, முக்கியமான காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அதற்குள் வைத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் வாழவந்த மருமகளிடம் இதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கதவுக்கு மேலே சின்னத் திரையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் விட்டுவிட்டு மின்னின. கண்ணாடி கருத்துப்போயிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுல கடப்பாரை இருக்கும். வாங்கிட்டு வரவா?" என்றார் மாமியார்.

"சும்மா இரும்மா. மெக்கானிக் வந்துட்டிருக்காரு."

"அவரு வர்றதுக்குள்ள நீ நடந்தே தரையில பள்ளம் பறிச்சுடுவ போல."

மருமகள் தொட்டியருகே நின்று, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் நாலு மணிக்கு வந்தார். வந்ததும் மெயின் பலகையில் அடுப்பு சுவிட்சை அணைத்துவிட்டு, கதவின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கதவ இழுத்தீங்களா?"

"இழுத்தோம்."

"இழுக்காத வீட்ட நான் இன்னும் பாக்கல. சரி, இதுல தானா சுத்தம் பண்ணிக்கிற பட்டன் ஒண்ணு இருக்கு. அழுத்தினா கதவு பூட்டிக்கும். உள்ள இருக்கறதெல்லாம் சாம்பலாகற அளவுக்குச் சூடேறும். யாராச்சும் அழுத்தினீங்களா?"

நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன்ல, உள்ள பிளாஸ்டிக் இருக்குன்னீங்க. உருகிக் கிடந்தா, திறந்ததும் காத்து பட்டுப் பத்திக்கும். அதான் கேக்கறேன்."

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "காலையில நீதானே இங்க நின்னுட்டிருந்த?"

மருமகளின் கையிலிருந்து டம்ளர் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தாம்மா. காலையில பால் காய்ச்சறப்ப துடைச்சேன். கை பட்டிருக்கும்."

தன் பிழைப்பே வெந்துகொண்டிருக்கிறதோ என்று பதறுகிற நேரத்தில் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கக் கடவுள் சிலருக்குத்தான் கண் கொடுக்கிறார். ஆனால் மெக்கானிக்கின் கணக்கு வேறு.

"எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும்."

"யாரும் நிறுத்தலையா? அப்போ மூணு மணி நேரமாச்சும் ஓடியிருக்கும்." அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். "வெளிய ஆறியிருந்தாலும் உள்ள உருகினது கனன்னுக்கிட்டு இருக்கலாம். ராத்திரி முழுக்க ஆறட்டும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்."

பத்து மணி. நாத்தனார் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். சொன்னதைத் திருப்பி வாங்க அவள் வாய் திறக்கவே இல்லை.

"அண்ணி இல்லைங்க" என்றாள் மருமகள். "நான்தான். பதினொரு மணிக்கு அழுத்தினேன். அத்தைக்கு அடுப்பு பளிச்சுன்னு இருந்தா பிடிக்குமேன்னு. உள்ள கரகரன்னு ஒரு சத்தம், அப்புறம் இந்த எழுத்து. பயந்துபோய் ஒரு நிமிஷத்துல அணைச்சுட்டேன்."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார். "அந்தச் சத்தம் நீங்க அணைக்கறவரைக்கும் ஓடுச்சா?"

"இல்ல. பாதியிலயே நின்னுடுச்சு."

"அட, அப்படிச் சொல்லுங்க. பூட்டு முழுசா விழல. முழுசா விழாம சூடு ஏறவே ஏறாதும்மா. பழுதான பூட்டுதான் உங்க காகிதத்தக் காப்பாத்தியிருக்கு."

அடுப்பை முன்னால் நகர்த்தி, பின்தகட்டைக் கழற்றி, பூட்டை ஓட்டும் சின்ன மோட்டாரின் சக்கரத்தைக் குறடால் மெல்லத் திருப்பினார். கதவு தளர்ந்தது.

ஃபைல் சில்லென்று இருந்தது. நாத்தனார் தாள்களை எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

மாமியார் மருமகளைப் பார்த்து வாய் திறந்தார். எல்லோரும் திட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"எனக்குப் பளிச்சுன்னு இருந்தாத்தான் பிடிக்கும்னு உனக்கு யாருடி சொன்னது?"

"நீங்கதான் அத்தை. தினமும் சொல்றீங்க."

அடுப்புக்குப் பின்னாலிருந்து மெக்கானிக் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நாத்தனாருக்கு ஆறு மணிக்கு டியூட்டி. செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பி வந்து ஃபைலை மருமகளிடம் நீட்டினாள்.

"டியூட்டி பாக்கற எடத்துல இத வைக்க இடமில்ல. காலையில டியூட்டி முடிஞ்சு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். எட்டரைக்கு நீ இத எடுத்துக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நில்லு."

"நானா அண்ணி? அத்தைகிட்ட..."

"உங்கிட்டதான் குடுக்கறேன்."

மருமகள் ஈரக் கைகளைச் சேலையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.