ஊர்க்காரன் பேசுகிறேன்

தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் இசக்கிராஜுக்கு ஒரு தோல் பை பட்டறை இருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அவர் தோல் வெட்டும் பலகையின் ஓரத்தை ஒதுக்கி, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு மணிக்குச் சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. பை மாதிரிகளின் படங்களெல்லாம் லேப்டாப்பில்தான் இருந்தன. அவற்றைத் திரையில் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் தீபாவளி ஆர்டர் முழுக்க இவருக்கு. நாலு மணிக்கு இவர் முகம் தெரியாவிட்டால் அது வேறு பட்டறைக்குப் போய்விடும். மழைக்காலம் முழுக்கத் தையல் மிஷின்கள் பாதி நாள் சும்மா கிடந்தன. இதுவும் கைவிட்டுப் போனால் வேலையாட்களை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான் என்று மனைவி சங்கரேஸ்வரியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

லேப்டாப், மகள் ஸ்ரீலேகா வாங்கிக் கொடுத்தது. அவள் செம்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். "அப்பா, எதையும் நோண்டாதீங்க. டவுட்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். இசக்கிராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் ஒன்றுமில்லாமல் பம்பாய்க்கு வந்து பட்டறை வைத்தவனுக்கு ஒரு பட்டனைத் தட்டத் தெரியாதா என்ன! "கம்ப்யூட்டர் என்னளா பெரிய கம்ப்யூட்டர்? நாஞ் சொன்னா அது கேக்கும்" என்று அன்றைக்கே மகளிடம் சவால் விட்டிருந்தார்.

கேட்கவில்லை. திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. வைரஸ் தடுப்புச் சாப்ட்வேரின் காலம் முடிந்துவிட்டதாம், புதுப்பிக்க வேண்டுமாம். மூடினார். மறுபடி வந்தது. மூடினார். கடன்காரன்கூட இப்படி நடையாய் நடக்கமாட்டான். சிங்கப்பூர்க்காரர் முன்னால் இது வந்து நின்றால் மரியாதை என்ன ஆவது? "ஒன்ன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று சொல்லி, தட்டுத்தடுமாறி அந்தச் சாப்ட்வேரையே அழித்துவிட்டார். லேப்டாப் ஒருமுறை அணைந்து எரிந்தது. பெட்டி வரவில்லை. இசக்கிராஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, நெட்டும் வரவில்லை.

வைஃபை குறி என்னவோ பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் பாதிவரை ஏறி நின்று பார்த்தார். மாடியில் சங்கரேஸ்வரி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தச் சொன்னார். சந்துக்கு நெட் இணைப்புக் கொடுக்கும் இனாயத்துல்லாவுக்குப் போன் போட்டு, அவர் தகப்பனார்வரை விசாரித்தார். கடைசியில் மூலை மிஷினில் தைத்துக்கொண்டிருந்த ஜமால் மேல் பாய்ந்தார்.

"ஏலே ஜமாலு, ஒம் போனுதாம்லே நெட்டையெல்லாம் உறிஞ்சுது. ஆஃப் பண்ணு!"

"எம் போன்ல நெட்டு நல்லா சாலூ இருக்கு அண்ணாச்சி. லேப்டாப்லதான் ஏதோ..."

"நீ ரொம்பக் கண்டே. சோலியப் பாரு."

ஜமால் காயல்பட்டினத்துப் பிள்ளை. பட்டறைக்கு வந்த நாளிலிருந்து அண்ணாச்சியை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு தைத்தான்.

மகளுக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். இசக்கிராஜ் பெயரைத் தேடி விரலை வைக்கவும் செய்தார். அவள் சிரிப்பு காதில் கேட்டது. விரலை எடுத்துவிட்டார். அதற்குப் பதில் தன் போனிலேயே 'லேப்டாப் நெட் ரிப்பேர் உதவி நம்பர்' என்று தேடி, முதலில் வந்த நம்பரை அழுத்தினார். லேப்டாப்புக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பலகைமேல் வைத்தார்.

எடுத்தவன் இந்தியில் பேசினான். இவரும் இந்தியில் சொன்னார். இசக்கிராஜின் இந்தியைக் கேட்ட யாருக்கும் அவர் எந்த ஜில்லா என்று தெரிந்துபோகும். அந்தப் பக்கத்துக் குரல் சட்டென்று தமிழுக்கு மாறி, தேனாகக் குழைந்து வந்தது.

"அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கமோ?"

"ஏ அய்யா! நீ யாருடே?"

"நமக்கு அம்பாசமுத்திரம் அண்ணாச்சி. பேரு ஜெயராம். ஊர்க்காரன் நான் இருக்கும்போது நீங்க எதுக்குக் கவலப்படுதிய?"

பம்பாயில் நம் ஆட்களுக்கு ரயிலில் யாராவது தமிழில் பேசினாலே பாதி மனசு இளகிவிடும். சொந்த ஜில்லாப் பேச்சைக் கேட்டுவிட்டால் வீட்டுச் சாவியைக்கூட எடுத்து நீட்டிவிடுவார்கள். இசக்கிராஜ் சாவியைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தார். தம் பெயர், பட்டறை இருக்கும் சந்து, சிங்கப்பூர்க்காரர் வரும் நேரம், மகளிடம் விட்ட சவால், அவளுக்குத் தெரியாமல் சாப்ட்வேரை அழித்த கதை, ஒன்று விடாமல் சொன்னார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல அண்ணாச்சி. ஒரு ஆப் சொல்லுதேன், அத எறக்குங்க. நான் இங்கருந்தே உள்ள வந்து பாத்துக்கிடுதேன்."

"எறக்கதுக்கு நெட்டு வேணும்லடே? அது இல்லாமத்தானே ஒன்னக் கூப்பிட்டேன்!"

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. ஐயோ பாவம், அவன் தொழிலில் இப்படி ஒரு சங்கடத்தைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. வீடு புக வந்த திருடனுக்குக் கதவு இறுகிக் கிடந்தால் என்ன செய்வான்? கீலுக்கு எண்ணெய் போட்டாவது திறக்கத்தானே வேண்டும்! வேறு வழியில்லாமல் அவனே ரிப்பேர் வேலையில் இறங்கினான்.

"அண்ணாச்சி, நல்லா கேளுங்க. நீங்க அழிச்ச சாப்ட்வேர் ஒரு கேட்டு மாதிரி. நெட்டுல வாரது போறது எல்லாம் அது வழியாத்தான் போகும். இப்ப கேட்டப் பேத்து எறிஞ்சிட்டீங்க. ஆனா, 'எல்லாரும் அந்தக் கேட்டு வழியாத்தான் போகணும்'னு லேப்டாப்புக்குள்ள போர்டு மட்டும் அப்படியே தொங்குது. அதான் போகவும் மாட்டேங்கு, வரவும் மாட்டேங்கு. அந்தப் போர்ட எடுக்கணும். அதுக்குப் பேரு ப்ராக்ஸி."

"புத்திசாலிப் பயடே நீ! எங்க இருக்கு அது?"

"செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கும், பல்சக்கரம் போட்டு. அத அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதியிருக்கு."

"அண்ணாச்சி, அது கால்குலேட்டர்!"

பல்சக்கரம் கிடைப்பதற்குள் அவன் குரலில் இருந்த தேன் முக்கால்வாசி வற்றிவிட்டது. பிறகு நெட்வொர்க் என்ற இடத்துக்குள் போய், அதற்குள் ப்ராக்ஸியைத் தேடி, அதிலும் சரியான வரியைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நீலமாக இருந்த பொத்தானை இசக்கிராஜ் அணைத்தார். ஒரு நியூஸ் பக்கம் மளமளவென்று திறந்தது.

"வந்துட்டுடே! ஊர்க்காரன்னா ஊர்க்காரன்தான்!" என்று பலகையில் ஓங்கித் தட்டினார்.

"அவசரப்படாதீங்க. சாப்ட்வேர அழிச்ச சந்துல வைரஸ் உள்ள ஏறியிருக்கு. பேங்க் கணக்குக்கே ஆபத்து. இப்ப அந்த ஆப்ப எறக்குங்க. ஒரு நம்பர் காட்டும், அத எனக்குச் சொல்லுங்க. பெறகு பேங்க் பக்கத்தத் தொறந்து ஒத்த ரூவா மட்டும் கட்டுனாப் போதும், பதிவாயிரும். ஒரு விஷயம், வீட்ல யாருக்கும் சொல்லிராதீங்க. ஒங்க மகளுக்குத் தெரியாமலே முடிச்சுத் தாரேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இசக்கிராஜை வீழ்த்தியது. மகளுக்குத் தெரியாமல்! இதைவிட வேறென்ன வேண்டும்? ஆப்பை இறக்கினார். திரையில் நம்பர் வந்து நின்றது.

தேநீரோடு ஏணியில் இறங்கி வந்த சங்கரேஸ்வரி பாதியில் நின்றாள்.

"ஏங்க, யாரு அது? வீட்ல சொல்லாதங்கான்?"

"நம்ம அம்பாசமுத்திரத்துப் பையன். நீ சும்மா இரு."

"ஊர்க்காரன் எவனாவது வீட்ல சொல்லாதேம்பானா? மதினி நல்லாருக்காளா, பிள்ளைய என்ன பண்ணுதுன்னுல்லா மொதல்ல கேப்பான்?"

"ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்! படிச்ச பயளா அவன்" என்று அதட்டிவிட்டு, இசக்கிராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எழுதிக்கிடுடே. ஏழு..."

மூலை மிஷின் கொஞ்ச நேரமாகவே ஓடவில்லை. ஜமால் பெடலில் வைத்த காலை எடுக்காமல் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. வாயைத் திறந்தால் தன் மானம் போகும். திறக்காவிட்டால் பட்டறையே போகும். சட்டென்று பாய்ந்து வந்து வைஃபை பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி, லேப்டாப்பை டப்பென்று மூடினான்.

"ஏலே, பைத்தியமாலே ஒனக்கு?" என்று இசக்கிராஜ் கையை ஓங்கினார்.

ஜமால் அவரைப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்தான்.

"ஜெயினுலாப்தீன் காக்கா, சௌக்கியமா? என்ன தெரியுதா? காயல்பட்டினத்து ஜமாலு. எங்கிட்ட நீங்களும் காயல்பட்டினம்னு சொன்னீங்க. இப்ப அம்பாசமுத்திரத்துக்கு வீடு மாத்திட்டீங்களோ?"

லைன் கட்டாகிவிட்டது.

சங்கரேஸ்வரிதான் முதலில் கேட்டாள். "குர்லா டேசன்ல பாக்கெட் அடிச்சிட்டானுவன்னு அழுதியேடே, அது..."

"இவன்தான் மதினி அடிச்சான். உம்மாவுக்கு அனுப்ப வச்சிருந்தது பூராவும். போன்ல அவன் சொன்னதெல்லாம் செஞ்சிட்டு, பாக்கெட்டுன்னு பொய் சொன்னேன்."

இசக்கிராஜ் ஓங்கிய கையை இறக்கினார். "ஏன்லே அன்னைக்கே சொல்லல? சொல்லியிருந்தா இன்னைக்கு நான் இவங்கிட்டப் போவனா?"

"சொன்னா நீங்க சிரிப்பீங்க அண்ணாச்சி" என்றான் ஜமால். "டீக்கடைப் பெரியநாயகம் அண்ணாச்சி ஏமாந்தப்ப, 'இவனெல்லாம் சோறுதான் திங்கானா'ன்னு சந்து பூராவும் சொல்லிச் சிரிச்சீங்க. அத நெனச்சாலே எனக்கு வாய் வரல."

இல்லை என்று சொல்ல இசக்கிராஜ் வாயெடுத்தார். ஆனால் அது பொய். சிரித்திருப்பார். கண்டிப்பாகச் சிரித்திருப்பார். இவனைப் பேசவிடாமல் செய்தது தான்தான் என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. வெட்கத்தில் முகமெல்லாம் சூடேறியது.

மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரிலேயே, எல்லாரும் கேட்க, மகளைக் கூப்பிட்டார்.

"ஸ்ரீ, நெட்டு போனதுக்கு நான்தாம்மா காரணம். நீ நோண்டாதன்ன, நோண்டிட்டேன். பெறகு ஒரு கள்ளங்கிட்டப் போயி மாட்டிக்கிடப் பாத்தேன். ஜமாலு காப்பாத்திட்டான்."

ஸ்ரீலேகா சிரித்தாள்தான். ஆனால் ஒரு விநாடிதான். "அரே அப்பா, அந்த நம்பர அவனுக்குச் சொன்னீங்களா? மொத எண் மட்டும்தான் சொன்னீங்களா? தேங்க் காட்! மொதல்ல அந்த ஆப்ப அழிங்க, நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க. அப்புறம் பேங்குக்கு ஒரு போன். சைபர் போலீஸ் நம்பர் 1930க்குப் போன் பண்ணி அவன் நம்பரக் குடுங்க, ஜமால் அண்ணனும் கம்ப்ளெயின்ட் குடுக்கட்டும். இத்தன நாள் கழிச்சுன்னாலும் பரவாயில்ல."

ப்ளக்கை மறுபடி மாட்டி, ஆப்பை அழித்து முடிக்கவும் சிங்கப்பூர்க்காரர் வீடியோவில் வந்தார். வியர்த்து விறுவிறுத்துத் திரையில் தெரிந்த இசக்கிராஜைப் பார்த்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார். "உடம்புக்கு இல்ல சார், புத்திக்கு. இப்ப சரியாயிட்டு" என்றார் இவர். படங்களைக் காட்டி முடித்ததும், பட்டறையில் இருந்த பைகளையும் ஜமால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். அவருக்குத் தையல் பிடித்துப்போனது. ஆர்டர் கிடைத்தது.

சாயங்காலம் இசக்கிராஜ் நேரே பெரியநாயகத்தின் டீக்கடைக்குப் போனார். வழக்கமான கூட்டம் இருந்தது. அரைக் கிளாஸ் கட்டிங் சாயைக் கையில் வாங்கிக்கொண்டு, கால்குலேட்டரை அமுக்கியது உட்பட நடந்ததையெல்லாம் சொன்னார். சந்தே சிரித்தது. பெரியநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தார்.

"எங்கிட்ட உவரிக்காரன்னு சொன்னான்வே. மாதா கோயில் திருநாளப் பத்திக்கூடப் பேசுனான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. பின்னால் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

இசக்கிராஜ் எழுந்து, எல்லார் முன்னாலும் பெரியநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு ஒம்மப் பாத்துச் சிரிச்சேன். அதுக்குப் பயந்து ஜமாலு வாயப் பொத்திக்கிட்டான். அவன் பொத்தினதால கள்ளன் நேரா எங்கிட்ட வந்தான். ஏமாறுதது ஒரு குத்தமில்லவே, யாரும் ஏமாறலாம். ஏமாந்தத மறைக்கதும், ஏமாந்தவனப் பாத்துச் சிரிக்கதும்தான் குத்தம். நம்ம வெக்கத்த வச்சுத்தான் அவன் பொழைக்கான். பின்னால நிக்கிற ஆளுக முன்னால வாங்க. ஒங்க கதையையும் சொல்லுங்க. இனிமே இங்க எவனும் சிரிக்கமாட்டான்."