கால் தேய்த்த சபை

ஜெர்மனியில் இருந்த அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் ரெக்டருக்கு, அதாவது துணைவேந்தருக்கு, இரண்டு டொக்டர் பட்டங்கள். இரண்டையும் சேர்த்துக் கூப்பிடாவிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார். பெரிய மண்டபத்து ஹீட்டரைக்கூட அவரே திட்டமிட்டு அமைத்திருந்தார். சனி, ஞாயிறுகளில் அது தானாகவே அணைந்துவிடும். இந்தச் சிக்கனத்தைப் பற்றி அவர் பேசாத விழா இல்லை.

பீலிக்ஸ் அங்கே உயிரியல் விரிவுரையாளர், இலங்கையின் மன்னார்க்காரர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். திங்கள் தவறாமல் பரிணாமம் படிப்பிப்பார். இரண்டும் தமக்குள் சண்டை பிடித்ததாக அவருக்கு நினைவில்லை. சண்டையெல்லாம் ரெக்டருக்குத்தான்.

1998 தை மாதம் ரெக்டர் அவரைக் கூப்பிட்டார்.

"பேராசிரியர் குரூன்வால்ட் வருகிறார். உயிர்கள் ஓர் அறிவின் திட்டப்படி உண்டானவை என்று நிறுவப்போகிறார். சபை அவரை மெச்சினால், அடுத்த பருவம் உங்கள் பரிணாம வகுப்பு அவருக்கு. கல்விச் சுதந்திரம், ஹெர் பீலிக்ஸ்! சபையே தீர்ப்புச் சொல்லட்டும்."

அந்தச் சபையையும் ரெக்டரே பொறுக்கி எடுத்தார். சனிக்கிழமை பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் மாதாந்தத் தமிழ்ப் பூசை. முடிந்ததும் வாசலில் நின்று, பக்தர்கள் அத்தனை பேரையும் கைகூப்பாத குறையாக மண்டபத்துக்குள் ஓட்டிவிட்டார். பெண்கள் வழக்கம்போல் பனிச் சப்பாத்துகளைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு, பட்டுச் சேலைக்குத் தோதாகப் பையில் கொண்டுவந்த செருப்புகளை மாட்டியிருந்தார்கள். சப்பாத்துகள் அங்கேயே கிடந்தன.

குரூன்வால்ட் கண்ணின் அமைப்பை விளக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் 'சரக்' என்றது. பிறகு பக்கத்து வரிசையில். சிறிது நேரத்தில் மண்டபம் முழுக்க மரத்தரையில் செருப்புகள் தேய்ந்தன.

ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பேச்சுப் பிடித்தால் மேசையில் விரல் முட்டியால் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தரையில் காலைத் தேய்ப்பார்கள். குரூன்வால்டின் முகம் வெளிறியது. ரெக்டரின் முகம் சிவந்தது.

"இஞ்சேருங்கோ," என்று கொறற்றி தன் கணவன் பீலிக்ஸின் காதைக் கடித்தாள். "கால் விறைச்சுப் போச்சு. இனி ஏலாதப்பா."

"எல்லாரும் அதுக்குத்தானோ தேய்க்கினம்?"

"பின்னை? பரதநாட்டியமோ ஆடுகினம்?"

பேசாமல் இருந்தால் போதும், வகுப்பு தப்பிவிடும். பீலிக்ஸ் ஒரு நிமிடம் அந்தச் சுகத்தில் இருந்தார். மேடையில் மனிதர் தன் குறிப்புகளை மடிப்பதைப் பார்த்தார். எழும்பிவிட்டார்.

"ஹெர் பேராசிரியர், இது எதிர்ப்பு இல்லை. இவர்களுக்குக் குளிர்கிறது. நீங்கள் சொல்வதை நான் ஒரு சொல்லும் ஏற்கவில்லை. ஆனால் முடித்துவிட்டுத்தான் போகவேண்டும்."

குரூன்வால்ட் விரல்களை ஊதிக்கொண்டார். "எனக்கும்தான் விறைக்கிறது. மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டேன். இந்த ஹீட்டரைத் திட்டமிட்ட அறிவாளி யார்?"

தலைகள் எல்லாம் ரெக்டர் பக்கம் திரும்பின.

"சொல்லுங்கோவன்," என்றாள் கொறற்றி. பீலிக்ஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

குரூன்வால்ட் பேச்சைத் தொடர்ந்து முடித்தார். மேசையில் தட்டினால் கை சூடாகும் என்று கொறற்றி கண்டுபிடித்திருந்தாள். சபை முழுக்க இடிஇடியென்று தட்டித் தள்ளியது.

"கேட்டீர்களா தீர்ப்பை!" ரெக்டர் துள்ளினார். "ஹெர் குரூன்வால்ட், வகுப்பு உங்களுடையது!"

"இந்த மண்டபத்திலா? மன்னிக்கவும்," என்று குரூன்வால்ட் கழுத்துச் சால்வையை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ஹெர் பீலிக்ஸே நடத்தட்டும். நான் வந்து குறுக்குக் கேள்வி கேட்பேன். விடுவீர்களா?"

"தாராளமாக," என்றார் பீலிக்ஸ். "திங்கட்கிழமை வாருங்கள். அன்றைக்கு ஹீட்டர் வேலை செய்யும்."

கொறற்றி அதற்குள் சப்பாத்தைத் தேடிக் கோயிலுக்கு ஓடியிருந்தாள்.