இறக்காத துவாய்

கடற்காகம் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கிறவர்களோடு அல்பேட்டுக்குப் பேச்சே கிடையாது. கண் இருந்தென்ன என்று எழும்பிப் போய்விடுவான். கார்த்திகையில் வடக்கிலிருந்து வந்து பங்குனியில் போகிற பெரிய கடற்காகம் வேறு சாதி. வாத்தளவு உடம்பு, மஞ்சள் கால், மஞ்சள் சொண்டில் கறுப்பு வளையம், நுனியில் சிவப்பு. வரும்போது வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மை இழுபட்டமாதிரி ஒரு கறை. போகிற நாளில் தலை முழுக்கக் கறுத்துவிடும். சின்னதுகள் பிடித்ததைத் தட்டிப் பறிக்கிற சண்டியன்தான், ஆனால் அது இறங்கின இடத்தில் மீன் கிடக்கும், அதில் பொய் கிடையாது. வயிறு நிரம்பினால் எழும்பிப் போய், முகத்துவாரத்து மணல்திட்டில் காற்றுக்கு முகம் கொடுத்துக் குந்திவிடும்.

அதைப் பார்த்துச் சொல்வதுதான் அல்பேட்டின் வேலை. உதயரூபனின் கரைவலைக்கு அவன்தான் கண். மேட்டில் நின்று தோளில் கிடக்கிற துவாயைத் தூக்கினால் ஆட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். துவாய் கீழே இறங்குமட்டும் ஒருவரும் கரையேறமாட்டார்கள். அந்தக் கரையில் அதுதான் கட்டு, பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாயிரத்து நாலில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, முதற்பூசை முடிந்து வந்து மேட்டில் நின்றான். கடல், வள்ளங்கள் கிடந்த இடம்வரை ஏறி வந்துவிட்டு, ஒருநாளும் போகாத தூரத்துக்கு வாங்கிப் போனது. சேற்றில் மீன் துள்ளியது. பெரிய கடற்காகங்கள் அத்தனையும் இறங்கின. அல்பேட் துவாயைத் தூக்கினான். அவன் பெண்சாதி மக்டலின், உதயரூபனின் பெண்சாதி அஜந்தா, இன்னும் இரண்டு பேர் கூடையோடு ஓடினார்கள். பிறகு பெரிய அலை வந்தது. அல்பேட்டை வாவிக்குள் கொண்டுபோய்க் கண்டல் மரமொன்றில் செருகிவிட்டது. உதயரூபன் ஒரு மதிலில் தொங்கித் தப்பினான். ஓடின நாலு பேரில் ஒருவரும் வரவில்லை.

அதற்குப் பிறகு அல்பேட்டுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கூடாரத்தில் இரு என்றார்கள், இருந்தான். வீடு தந்தார்கள், போய்ப் படுத்தான். சண்டை முடிந்தது என்று ரோட்டில் வெடி கொளுத்தினபோது யன்னலைச் சாத்திவிட்டுச் சோறு தின்றான். சந்தோஷமும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மாதம் தவறாமல் உதயரூபன் அரிசியும் தேங்காயும் கொண்டுவந்து வைப்பான். தன் பெண்சாதியையும் கொன்றவனுக்கு இப்படிச் செய்கிறானே, என்ன பெரிய மனசு என்று அல்பேட் நினைத்துக்கொள்வான்.

சண்டை முடிந்த அந்த வருஷம், கடலுக்குப் போக ஆமிக்காரரிடம் பாஸ் எடுக்கிற கரைச்சலும் ஒழிந்த கார்த்திகையில் உதயரூபன் புது வலையோடு வந்து கேட்டான். அல்பேட் இரண்டு தரம் மாட்டேன் என்றான். மூன்றாம் தரம் உதயரூபன் விஷயத்தை உடைத்துச் சொன்னான். அல்பேட் துவாய் தூக்காமல் ஆட்கள் கடலில் கால் வைக்கமாட்டார்களாம், இந்தக் கிழமை முடியுமுன் வலை இறங்காவிட்டால் வேறு வலைக்குப் போய்விடுவார்களாம். சரி என்று அல்பேட் போனான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பெரிய கடற்காகங்கள் கூட்டமாக இறங்கின. கீழே பதினெட்டுப் பேர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கை எழும்பவில்லை. என்னடாப்பா என்று கேட்டுக்கொண்டு உதயரூபன் மேட்டில் ஏறி வந்தான்.

"மச்சான், அண்டைக்கு அலைக்கு முந்தி அதுகள் ஒரேயடியா எழும்பினத நான் கண்டன்," என்றான் அல்பேட். "சொண்டில இருந்த மீனையும் போட்டுட்டு எழும்பிச்சுதுகள். வயிறு நிரம்பிட்டு எண்டு நினைச்சன். துவாய இறக்கல்ல. மக்டலின் ஒருக்கா நிமிர்ந்து என்னப் பார்த்தாள். துவாய் மேலதான் நிண்டிச்சு. திரும்பக் குனிஞ்சிட்டாள்."

ஐந்து வருஷத்தில் ஒருவருக்கும் சொல்லாதது. சொல்லியும் நெஞ்சு இளகவில்லை. அடிக்கப் போகிறான் என்று காத்து நின்றான், அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

உதயரூபன் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நானும்தான் கண்டன். கரைக்கு வாங்க எண்டு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மீன் அவ்வளவு கிடந்திச்சு. வாயப் பொத்திக்கொண்டு நிண்டன்."

அரிசியும் தேங்காயும் எதற்கு வந்தது என்று அல்பேட்டுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அஜந்தா உன்னப் பார்த்தாளா?"

"ஓம். பார்த்தாள்."

அல்பேட் துவாயை அவன் கையில் கொடுத்தான். உதயரூபன் வாங்கினானே தவிர, தூக்கவில்லை.